நம்ம தண்ணீர், எங்கள் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

காலையில் மோட்டார் முனகியது. ருஃபீனோ பம்ப் அறைக்குள் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கினான். பதினோரு மணிக்கு டேங்க் நிரம்பிவிட்டது. எங்கள் ஊர் தகுவாராமியில் எழுபத்திரண்டு வீடு. ஆழ்துளைக் கிணறு, டேங்க், குழாய் எல்லாம் நாங்களே காசு போட்டு, நாங்களே மண் வெட்டி அமைத்தது. பம்ப் ஓட்டுவது ருஃபீனோ. தண்ணீர்க் குழுவுக்கு ஒன்பது வருடமாக நான் தலைவி. மூன்று தேர்தலில் நின்றேன், மூன்றிலும் ஜெயித்தேன். உள்ளதை எழுதி வைப்பதில் தப்பில்லை.

இதைவிடப் பெரிய சேதி அராசெலி போனில் சொன்னது. என் மகள் வயிற்றுப் பேத்தி. தலைநகரம் அசுன்சியோனில் சட்டம் படித்தவள். தண்ணீர் மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் போட்டிருக்கும் கமிட்டியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கமிட்டி ஊர் ஊராகப் போகும். ஜனங்கள் எங்கள் குவரானி பாஷையில் சொல்வதைக் கேட்டு அவள் ஸ்பானிஷில் எழுத வேண்டும். ஜூன் வரைக்கும் ஒப்பந்தம். நன்றாகச் செய்தால் நிரந்தரமாக்குவார்களாம்.

கடையில் மூன்று பேரிடம் சொன்னேன். நாலாவதாக அடுத்த வீட்டு ஞா பெர்பெத்துவாவிடம். "காலையிலயே சேதி எனக்கு வந்து சேர்ந்துடுச்சு ஞா செவேரியானா. மோட்டார் நின்னாலும் உங்க வாய் நிக்காது போல" என்றாள்.

பொறாமைக்காரி. முப்பது வருடமாக இப்படித்தான், பேருக்கு முன்னால் மரியாதையாக ஒரு 'ஞா' போட்டுக்கொண்டே குத்துவாள்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் ருஃபீனோ செய்தித்தாளைக் கொண்டுவந்தான். மசோதா என்ன சொல்கிறது என்று மாமரத்தடியில் வைத்து வாசித்தான். நாட்டில் இருக்கிற சின்னச் சின்னத் தண்ணீர்க் குழுக்களை எல்லாம் ஒரு தேசிய வாரியத்தின் கீழ் கொண்டுவருவார்கள். கிணறும் டேங்கும் குழாயும் வாரியத்துக்குப் போகும். ஊர்க்குழு 'ஆலோசனை வழங்கலாம்'.

ஆலோசனை! என் கோழிக்கு நான் கூடத்தான் ஆலோசனை வழங்குகிறேன். அது தன் இஷ்டத்துக்கு வேலிக்கு அப்பால் போய் முட்டை இடுகிறது.

இந்த மசோதாவுக்குத்தான் அராசெலி எழுதப்போகிறாள். எழுதுவது அவள் வேலை. கொண்டுவந்தது அவள் இல்லையே. இரண்டும் வேறுதானே?

மார்ச் 18, செவ்வாய்

கருத்துக் கேட்புக் கூட்டம் இருபத்தேழாம் தேதி, பள்ளிக்கூடத்தில். நோட்டீஸ் வந்துவிட்டது. ஒவ்வொரு ஊரும் ஒரே ஒருவரைப் பேச வைக்க வேண்டும். அவர் சொல்வதே ஊர் சொன்னது. ஒரு ஊர் 'வேண்டாம்' என்றது குறிப்பில் ஏறிவிட்டால் அந்த ஊரின் கிணற்றை வாரியம் எடுக்க முடியாது. ஏறாவிட்டால் எடுக்கலாம்.

சாயங்காலம் மாமரத்தடியில் குழுக் கூட்டம். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வேண்டாம்தான். யார் பேசுவது என்று கேட்கக்கூட இல்லை, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அங்கேயே எழுந்து ஒருமுறை பேசிக் காட்டினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: "இது நம்ம தண்ணி. நம்ம தோண்டினது. நம்மகிட்டயே இருக்கட்டும்." கை தட்டினார்கள். ருஃபீனோ இதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் என்றான்.

மார்ச் 25, செவ்வாய்

வரப்போகிற கமிட்டியில் அராசெலியும் இருக்கிறாள். அவள் என் பேத்தி என்று அன்றைக்கு யாரும் காட்டிக்கொள்ளக் கூடாதாம், அவளே போனில் சொன்னாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, அதே ஊரை வாயை மூடச் சொல்வது சுலபமாக இல்லை.

மார்ச் 27, வியாழன்

கூட்டம் முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தலைநகரத்திலிருந்து நாலு பேர். கமிட்டித் தலைவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். வைத்தியர் இல்லை, வக்கீல். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குளிர்ந்த தண்ணீரில் மூலிகை போட்ட எங்கள் தெரெரேயை வாங்கிக் குடித்தார், மூலிகை என்னென்ன என்று கேட்டார், தண்ணீர் இவ்வளவு ருசியாக எங்கும் குடித்ததில்லை என்றார். மேஜையின் ஓரத்தில் கம்ப்யூட்டரோடு அராசெலி. வெள்ளைச் சட்டை, இழுத்துக் கட்டிய முடி. என்னை ஞா செவேரியானா என்று கூப்பிட்டாள், எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி. நானும், பழக்கமில்லாத பெண்ணிடம் பேசுகிற மாதிரி, "சொல்லுங்க சென்யோரித்தா" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆறு வயதிலிருந்து சிரிப்பு வந்தால் அப்படித்தான்.

பேசினேன். மழை பொய்த்த வருடம் தொண்ணூற்று நாலு மீட்டர் தோண்டியது, பிள்ளை பெற்று இருபது நாளான பெண்கூட மண் சுமந்தது, முதல் தண்ணீர் சிவப்பாக வந்தபோது கிழவர்கள் அழுதது, எல்லாம் சொன்னேன். வாசலில் நின்றவர்கள்கூட அசையவில்லை. பிறகு அந்தக் கடைசி வரி. அதையும் சொன்னேன். ஊரே கை தட்டியது. பெர்பெத்துவா மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கைகுலுக்கி நன்றி சொன்னார். ருஃபீனோ ஏதோ சேர்க்க எழுந்தான்; ஊர் பேசியாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்கும் கடையில் என் பேச்சைப் பற்றித்தான் பேச்சு.

ஏப்ரல் 8, செவ்வாய்

கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. ஸ்பானிஷில். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் ஸ்பானிஷ் வாசிப்பேன். அந்தப் பாஷையைத் தலையில் ஏற்றத்தானே, குவரானியில் பேசிய நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் எங்களை மக்காச்சோளத்தின் மேல் முட்டி போட வைத்தார்கள். விரலை வைத்து மூன்று தடவை வாசித்தேன்.

'தகுவாராமி ஊரின் சார்பில் பேசிய திருமதி செவேரியானா, தண்ணீர் நம் அனைவருக்கும் உரியது, நம் அனைவரின் கையிலும் இருக்கட்டும் என்றார். எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை.'

நான் வேண்டாம் என்று சொல்லப் போனேன். காகிதத்தில் சரி என்று இருக்கிறது.

ஸ்பானிஷில் இருப்பது ஒரே சொல். எங்களுடையது என்றாலும் நம்முடையது என்றாலும் அதே 'நுவெஸ்த்ரா'தான். எங்கள் பேச்சில் அப்படி இல்லை. கேட்கிறவரைச் சேர்த்துச் சொன்னால் 'ஞாண்டே', விட்டுச் சொன்னால் 'ஓரே'. நம்ம தண்ணீர் வேறு, எங்கள் தண்ணீர் வேறு. மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். மாமரத்தடியில் எங்கள் ஆட்களுக்கு நடுவே நம்ம என்றது சரி. டாக்டர் எதிரே அதையே சொன்னால் அவரும் அவர் வாரியமும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். அவர் உள்ளே இருக்கும்போது யாரிடம் வேண்டாம் என்பது?

ஆக, அராசெலி தப்பாக எழுதவில்லை. நான் சொன்னதைத்தான், 'அனைவருக்கும்' என்று விரித்து எழுதியிருக்கிறாள்.

ருஃபீனோ வாசித்துவிட்டுப் பம்ப் அறைக்குப் போய்விட்டான். பெர்பெத்துவா வேலியோரம் வந்து நின்றாள். "நான் அன்னைக்கே காதால கேட்டேன். அந்த டாக்டரையும் சேர்த்து நம்ம நம்மங்கிறீங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி. எப்படிக் கை தட்டறது?"

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "உங்ககிட்டயா?" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

பேத்தியின் வேலைக்காகக் கிணற்றைக் கொடுத்துவிட்டாள் என்று கடையில் பேசுகிறார்களாம். நான் உள்ளே நுழைந்ததும் சோப்பு விலையைப் பற்றிப் பேசினார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

பொய் சொல்ல இந்த நோட்டு எதற்கு.

அன்றைக்குச் சொன்ன 'நம்ம' பழக்கத்தில் வந்த வார்த்தை இல்லை. 'எங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அராசெலி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எங்க தண்ணி என்றால் அவள் அந்தப் பக்கம். இந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்த பிள்ளை. தாயைப் பறிகொடுத்த நாலு வயதில் இந்த மடியில் வந்து விழுந்தவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உனக்கு இதில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? நாக்கு தானாக வளைந்துவிட்டது.

தானாகவா? இல்லை. நான்தான் வளைத்தேன்.

ஏப்ரல் 12, சனி

அராசெலியிடம் போனில் பேசினேன். குறிப்பைத் திருத்த வழி உண்டா என்று கேட்டேன். உண்டாம். பேசியவரே நேரில் கமிட்டி முன் வந்து, மே ஏழாம் தேதிக்குள், தான் சொன்னது தவறு என்றும் ஏன் தவறு என்றும் சொல்ல வேண்டும்.

பிறகு அவளே சொன்னாள்: "பாட்டி, நீங்க நம்மன்னு சொன்னப்ப எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதான் கேக்காம எழுதிட்டேன்."

உன் வேலை என்ன ஆகும் என்றேன். அவள் என் பேத்தி என்று கமிட்டியில் யாருக்கும் தெரியாது; தெரிந்தால் வேலை போய்விடும். தெரிந்திருந்தால் இந்த ஊருக்கு அனுப்பியே இருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டது அவள் தப்புதான். ஊரைப் பார்க்கும் ஆசை.

"நீங்க வாங்க பாட்டி. வர்றதுதான் சரி" என்றாள். குரல் அவள் அம்மாவுடையது போலவே இருந்தது.

போகிறேன். அது முடிவாகிவிட்டது. என்ன காரணம் சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ருஃபீனோ மட்டும் வந்து உட்கார்ந்தான். அவன் வழி கண்டுபிடித்திருக்கிறான். "ஒத்திகைல சொன்னது பழக்கத்துல வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க ஞா. ஊரே சாட்சி. பிள்ளை பேரு எங்கயும் வராது."

பாதி உண்மை. பாதி உண்மை போதாதா?

ஏப்ரல் 16, புதன்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு சிப்பா ரொட்டி சுடும் நாள். மாவு பிசைந்து மண் அடுப்பில் முதல் தட்டு வெந்து இறங்கும்போது ஓடைக்கு அக்கரையிலிருந்து காஸில்தா வந்தாள். முப்பது வயது இருக்கும். ஏழு வருடத்துக்கு முன் தரிசு நிலத்தில் வந்து குடிசை போட்ட முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு அவள்தான் வாய். இரண்டு தடவை எங்களிடம் குழாய் கேட்டார்கள். தண்ணீரின் வேகம் குறைந்துவிடும் என்று இரண்டு தடவையும் மறுத்தோம். மறுப்பில் கையெழுத்து என்னுடையது. இன்னும் ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

"தலைநகரத்துக்குப் போய் எங்க தண்ணின்னு சொல்லப் போறீங்களாமே. அந்த எங்கவுல நாங்க உண்டா?" என்றாள்.

சூடாக ஒரு சிப்பா எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் தின்றாள். "நல்லாருக்கு. பதில் சொல்லுங்க ஞா."

நான் அடுத்த தட்டை அடுப்பில் தள்ளினேன். அவளே தொடர்ந்தாள். வாரியம் வந்தால் அக்கரைக்கும் குழாய் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வராமலும் போகலாம், அது அவளுக்கும் தெரியும். ஆனால் நாங்களோ குழாய் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டோம். "இல்லைங்கறவங்களை விட, பாக்கலாம்ங்கறவன் மேல் இல்லையா?"

அவள் போன பிறகு இரண்டு தட்டு சிப்பா கருகிவிட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டரும் இதைத்தான் கேட்பார். எங்கள் என்றால் யார் என்பார். ஒரே கிணற்றுக்குப் பக்கத்தில் தாகத்தோடு முப்பத்தெட்டு வீட்டை உட்கார வைத்துவிட்டு, என்ன முகத்தோடு எங்கள் என்பது? மசோதாவில் ஒரு நியாயம் இருக்கிறதென்றால் அது இதுதான். அந்த நியாயத்தை நாங்கள்தான் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம். ஒன்பது வருடத் தலைவி கொடுத்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊர்க்கூட்டம். அறுபத்தொன்பது வீட்டார் வந்திருந்தார்கள். நானே கூட்டியது.

முதலில் என் விஷயம். எழுந்து நின்று சொன்னேன்: பழக்கம் இல்லை, மறதி இல்லை, பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு வார்த்தையை மாற்றினேன். இவர்கள் முன்னால் நான் தலை குனிந்து பேசியது இதுதான் முதல் தடவை. அப்படியொன்றும் செத்துப்போகவில்லை.

இரண்டாவது, அக்கரைக்குக் குழாய். வேலைக்கு ஆள் அவர்கள் தருவார்கள், குழுவில் அவர்களுக்கும் ஓட்டு இருக்கும். இதற்குத்தான் கூச்சல். பெர்பெத்துவா எழுந்தாள்: "அக்கரைக்குத் தண்ணி போனா என் குழாய்ல காத்துதான் வரும். அதை வச்சு நான் பாத்திரம் தேய்க்கவா, பலூன் ஊதவா?" சிரித்தார்கள். அவள் சொன்னது பொய்யில்லை. வேகம் குறையும் என்றுதான் ருஃபீனோவும் சொன்னான். குறையும், நிற்காது.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். அசுன்சியோனில் போய் ஒரு வார்த்தையை மாற்றுவது சுலபம், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று இங்கே முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

சேர்க்கலாம் என்று நாற்பது கை. வேண்டாம் என்று இருபத்தொன்பது.

கடைசியில் பெர்பெத்துவா என்னைப் பார்த்துத் திரும்பினாள். "பேத்திக்காக வளைஞ்ச நாக்கு நாளைக்கு எதுக்கு வளையுமோ. அதை யார் பாத்துக்கறது?"

வேண்டாம் என்பதைக் குறிப்பில் ஏற்றிவிட்டு வந்து தலைவி வேலையை விடுகிறேன் என்றேன். யாராவது மறுப்பார்கள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். மறுக்கவில்லை.

மே 6, செவ்வாய்

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஜன்னலோரம். கூடை தூக்கிய பெண் ஏறி சிப்பா விற்றாள், உப்புப் போதவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எங்கே போகிறீர்கள் என்றார். நாடாளுமன்றத்துக்கு என்றேன். நாற்காலி துடைக்கிற வேலையா என்று கேட்டார். இல்லை, பேசப்போகிறேன் என்றேன். அப்புறம் ஊர் வந்து சேரும்வரை தூங்குவதுபோல் பாவனை செய்தார்.

அராசெலியின் அறையில் தங்குகிறேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. பழக்கம் என்று சொல்லிவிடுவதாகத்தான் முடிவு செய்திருக்கிறேன். ஊருக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். கமிட்டிக்கும் சொல்லி இந்தப் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட வேண்டுமா?

மே 7, புதன்

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேஜை, ஏழு பேர். நடுவில் டாக்டர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், தண்ணீர் ருசியை மறக்கவில்லை என்றார். ஓரத்தில் அராசெலி, கம்ப்யூட்டர் திறந்தபடி.

குவரானியில் பேசினேன். அன்றைக்கு நான் நம்ம தண்ணி என்றேன், அது தப்பு, எங்க தண்ணி என்பதுதான் ஊர் சொல்லி அனுப்பியது, எங்ககிட்டயே இருக்கட்டும், வாரியம் வேண்டாம் என்றேன். அன்றைக்கு ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒத்திகை பார்த்த பழக்கத்தில் வந்துவிட்டது என்றேன்.

அவர் சிரித்தார். மோசமான சிரிப்பு இல்லை. அவருக்கும் குவரானி வரும். "பழக்கத்துல அன்னைக்கு அப்படி வந்துச்சுன்னா, யாரோ சொல்லிக்குடுத்து இன்னைக்கு இப்படி வருதுன்னு நான் ஏன் நினைக்கக் கூடாது ஞா? எதை நான் உங்க சொல்லுன்னு எடுத்துக்கறது?"

நியாயமான கேள்வி. பாதி உண்மை பாதித் தூரம்தான் போகும் போலிருக்கிறது. அராசெலியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டு விரல்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"அங்க என் பேத்தி உக்காந்திருந்தா" என்றேன். "இதோ இந்தப் பொண்ணு. அவளை வெளிய நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரலை. இன்னைக்கு வருது. அவளும் இதுல இல்லை, நீங்களும் இல்லை. தாகம்னு வந்தா ரெண்டு பேருக்கும் குடுப்போம். குடுக்கறதா வேண்டாமான்னு சொல்றது நாங்கதான்."

அந்த ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நான் சொன்னதை, தன்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

டாக்டர் பிறகுதான் கேட்டார், அக்கரைக் குடும்பங்கள் இந்த எங்கவில் இருக்கிறார்களா என்று. இருக்கிறார்கள், ஏப்ரல் இருபத்தேழிலிருந்து, என்று சொல்லி ஊர்க்கூட்டத்தின் காகிதத்தை நீட்டினேன். நாற்பதுக்கு இருபத்தொன்பது. அவர் அதை நிதானமாக வாசித்தார். வேறு கேள்வி இல்லை.

கடைசியில் அராசெலி கை தூக்கினாள். இந்தச் சொல்லுக்கு ஸ்பானிஷில் சொல் இல்லை, 'ஓரே' என்றே குறிப்பில் போடுகிறேன் என்றாள். ஓரத்திலிருந்த ஒருவர் குறிப்பு ஸ்பானிஷில்தான் இருக்க வேண்டும் என்றார். "அரசியல் சட்டத்துல ரெண்டும் ஆட்சிமொழி ஐயா" என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள். போட்டாள். நானே பார்த்தேன். அத்தனை ஸ்பானிஷுக்கு நடுவே எங்கள் மூன்று எழுத்து.

மே 8, வியாழன்

பஸ் நிலையத்தில் அராசெலி என்னை ஏற்றிவிட்டாள். அவளிடம் விளக்கம் கேட்டு நேற்றே கடிதம் கொடுத்துவிட்டார்கள். மன்னித்துவிடு என்றேன். "எதுக்கு? நான் எழுதினதுலயே அதுதான் பிழையில்லாத குறிப்பு" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான். நாங்கள் முடிக்கும்வரை கண்டக்டர் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

மே 15, வியாழன்

நாட்டில் இன்றைக்கு அன்னையர் தினம். ருஃபீனோ ஒரு கோழி கொண்டுவந்து கொடுத்தான். குழுத் தலைவி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துக் கோணலாக விழுந்தது, பேனா சரியில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அக்கரைக்குக் குழாய் பதிக்கிறார்கள். காஸில்தா மண்வெட்டியை ஆம்பிளைகளுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள், அவர்கள் கோணலாக வெட்டுகிறார்களாம்.

ஜூன் 24, செவ்வாய்

புனித ஜுவான் திருநாள். பிள்ளைகள் தீ வைத்த துணிப்பந்தை உதைத்து விளையாடுகிறார்கள்.

மசோதா நிறைவேறியது. நிறைவேறாது என்று நினைத்திருந்தேன். நாட்டில் முக்கால்வாசி ஊர்க் கிணறுகள் இனி வாரியத்துக்கு. வேண்டாம் என்று பதிவான ஊர்களின் பட்டியலைப் பின்னால் இணைத்திருக்கிறார்கள். நூற்றுப் பதினொன்று. ருஃபீனோ விரலை ஓட்டித் தேடினான். எண்பத்தாறாவது பெயர் தகுவாராமி. ஓடைக்கு இரு கரையும் என்று போட்டிருக்கிறது.

அராசெலிக்கு ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறாள். சம்பளம் குறைவு. பட்டியலில் இல்லாத ஊர்கள் சில, எங்கள் பேச்சையும் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அங்கே வருகின்றனவாம். ஒவ்வொரு ஊராகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். இதைக் கடையில் ஒருவரிடம்தான் சொன்னேன். சரி, இரண்டு பேரிடம்.

ஜூலை 6, ஞாயிறு

குழுத் தேர்தல். நூற்றுப் பத்து வீட்டுக்கும் ஓட்டு. நான் நிற்கவில்லை. ஞா பெர்பெத்துவா தலைவியானாள், காஸில்தா செயலாளர். பெர்பெத்துவாவுக்கு நான் ஓட்டுப் போட்டேன். அவளிடம் சொல்லப்போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் நூல்போல் வருகிறது. ஒரு வாளி நிறைய இருபது நிமிஷம். மூன்று வீட்டில் சண்டை. பெர்பெத்துவா உட்கார்ந்து, எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று முறைப்பட்டியல் போட்டு, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டாள். ஒன்பது வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

எனக்கு விழுந்திருப்பது அதிகாலை நாலரை. ஜூலை இங்கே உறைபனிக் காலம், அதில் நாலரை. வேண்டுமென்றே போட்டிருக்கிறாளா என்று கேட்கப் போனேன். அவளுக்கு நாலு.

அலாரம் வைத்துவிட்டேன்.